விழுந்த பல்லைப் பாலில் போடுங்கள்

கேள்வி இதுதான்: "பெங்களூரில் ஈஜிபுரா பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. போன வாரம் அபார்ட்மென்ட் சறுக்குமரத்தில் முகம் இடித்து, மேல் முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. மண் ஒட்டியிருந்ததால் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி எடுத்துப்போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திறந்திருக்கும் கிளினிக்கைக் கண்டுபிடிக்கவே 2 மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் பல்லைத் திரும்ப வைத்துக் கம்பி கட்டினார். ஆனால் ரொம்ப வருடம் நிற்காது என்கிறார். எங்கே தவறு செய்தோம்? 3 வயதில் மகளும் இருக்கிறாள். இனி ஒரு அவசரம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?"

நான் இதே ஊரில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறவள். உங்கள் மனதில் உறுத்திக்கொண்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பல்லைத் தேடி எடுத்து, கையோடு கொண்டுபோனீர்கள். அது பெரிய விஷயம். ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் நிறைய. பல் எங்கே என்று கேட்டால், "அங்கேயேதான் கிடக்கும் டாக்டர்" என்பார்கள். அதனால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். தவறு எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா, அது சோப்பிலும் டிஷ்யூ பேப்பரிலும்தான் இருக்கிறது. 2 மணி நேரம் ஆனதைவிட, அந்த 2 மணி நேரமும் பல் காய்ந்துகொண்டே இருந்ததுதான் கேடு.

விழுந்த பல்லைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பாருங்கள். வாயில் வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதி நகம் மாதிரி. அதைப் பிடிக்கலாம், ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் மஞ்சளாக நீளும் வேரைப் பாருங்கள். அதன்மேல் ஈரமாக, மினுமினுப்பாக, மெல்லிய நார் நாராக ஏதோ ஒட்டியிருக்கும். பலரும் அதை அழுக்கு, சதைத் துணுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிவிடுகிறார்கள். அதுதான் வேர்ச்சவ்வு. பல்லைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்திருப்பது அந்தச் சவ்வுதான். அதில் இருக்கும் செல்கள் பல் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். 15 நிமிடத்துக்குள் பல் தன் குழிக்குள் திரும்பிப் போய்விட்டால் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த நிலையில் 60 நிமிடம் தாண்டிவிட்டால் செத்துப்போகும். டிஷ்யூ பேப்பர் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சோப்பும் தேய்ப்பும் சவ்வையே உரித்துவிடுகின்றன.

அதனால் பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடி காட்டினால் போதும். துணியோ, பிரஷ்ஷோ, டெட்டாலோ வேண்டாம். பிறகு அங்கேயே, அந்த இடத்திலேயே, பல்லைக் குழிக்குள் வைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. கேட்கவே பயமாக இருக்கும், தெரியும். ஆனால் பல் காய சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பக்கத்தில் நிற்கிறவரே அதைச் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. வழவழவென்று லேசாகப் புடைத்திருக்கும் பக்கம் உதட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வரும்வரை விரலால் மெதுவாக அழுத்துங்கள். அடிபட்ட கொஞ்ச நேரத்தில் ஈறு மரத்துப்போயிருக்கும் என்பதால், நாம் நினைக்கிற அளவு வலி இருக்காது. அப்புறம் ஒரு சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, "கண்ணா, இதை அப்படியே கடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, டாக்டர் சரி செய்துவிடுவார்.

பிள்ளை அலறித் துடிக்கிறான், உங்களுக்கும் கை நடுங்குகிறது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். பாலில் போடுங்கள். குளிர்ந்த பால், சர்க்கரை சேர்க்காத பால். நம் ஊரில் எந்த முனைக்கடையிலும் நந்தினி பாக்கெட் கிடைக்கும். மூலையை வெட்டிப் பல்லை உள்ளேயே போட்டு, மடித்துப் பிடித்துக்கொண்டு போகலாம். பாலும் அகப்படாத இடமாக இருந்தால், ஒரு சின்ன டப்பாவில் பிள்ளையை எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடுங்கள். வெறும் தண்ணீர் அந்தச் செல்களுக்கு நல்லதில்லை, ஆனாலும் காய விடுவதைவிட அது மேல். தமிழில் பல்லும் பாலும் ஒரு கால் வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. கன்னடத்திலும் பல் ஹல்லு, பால் ஹாலு. எங்கள் கிளினிக்குக்கு வரும் அம்மாக்களிடமும், பள்ளி ஆயாக்களிடமும், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன்களிடமும் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

விவேக் நகரிலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தது மறக்கவே மறக்காது. ஒரு கையில் பேரன், மறு கையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். மூடியைத் திறந்தால் பாலுக்கு அடியில் பல். யாரோ எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தார். ஆட்டோவில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மடியில் பிடித்துக்கொண்டு, 25 நிமிடத்தில் வந்துவிட்டார். வேர் மேல் சவ்வு பளபளவென்று இருந்தது. அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். பல் அவன் வாயில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் மகள். 3 வயதில் இருப்பது எல்லாமே பால்பல். அது வேரோடு விழுந்தாலும் திரும்ப வைக்கவே கூடாது. அதன் வேருக்குப் பக்கத்திலேயே, எலும்புக்குள், நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பால்பல்லைக் குழிக்குள் அழுத்தினால் அந்த இளம்பல்லுக்கு அடிபடலாம். பால்பல்லைச் சாணத்தில் வைத்துக் கூரை மேல் எறிகிற பழக்கம் நம்மூரில் உண்டு. அவளுக்கு அப்படியே செய்யலாம், ஆனால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு. முழுப் பல்லும் வந்துவிட்டதா, வேர்த் துண்டு உள்ளே நிற்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.

குழப்பம் வருவது 6 முதல் 8 வயதுக்குள். கீழ் முன்பற்கள் 6-7 வயதிலும், மேல் முன்பற்கள் 7-8 வயதிலும் மாறும். சின்னதாக, பால் வெள்ளையாக, முனை மழுங்கியிருந்தால் பால்பல். பெரிதாக, கொஞ்சம் மஞ்சள் கலந்து, முனை ரம்பம் மாதிரி இருந்தால் நிரந்தரப் பல். தானாக ஆடி விழுகிற பால்பல்லுக்கு வேர் கரைந்துபோயிருக்கும். எது என்று தெரியவில்லையென்றால் குழிக்குள் வைக்காதீர்கள், பாலில் போட்டு எடுத்து வாருங்கள்.

பல்லைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அடிபட்ட குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல. நினைவு தப்பியதா, வாந்தி எடுக்கிறானா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுகிறானா, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வருகிறதா, கண்பாவை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பல் காத்திருக்கட்டும். 108ஐக் கூப்பிட்டு, தலைக்காயம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. விழுந்த பல் எங்கேயுமே கிடைக்கவில்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஈறுக்குள் புதைந்திருக்கலாம், விழுங்கியிருக்கலாம், உதட்டுக்குள் துண்டு சிக்கியிருக்கலாம். விழுங்கியது வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அப்போது உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வாய்க் காயத்தில் ரத்தம் நிறைய வரும், எச்சிலோடு கலப்பதால் இன்னும் அதிகமாகத் தெரியும். நம் வீடுகளில் உடனே காப்பித்தூளையோ மஞ்சள்தூளையோ அப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காயத்தைக் கழுவி அந்தத் தூளை எடுப்பதற்குள் குழந்தை படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான துணியை மடித்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. வெளியே உதட்டின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கிற சின்னச் சவ்வு கிழிந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தையல் இல்லாமலே ஆறிவிடும். 10 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது உதட்டின் தோல் பிளந்திருக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மண்ணில் விழுந்த காயமென்றால், 5-6 வயதில் போடும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையில் பாருங்கள்.

பல் விழாமல் பாதி உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் தேடுங்கள். தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டுவந்தால், பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே காட்டிவிடுங்கள். நிரந்தரப் பல்லாக இருந்தால், அந்த நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து, மீதியை உயிரோடு காப்பாற்றலாம். வேர் இன்னும் வளர்ந்து முடியாத வயதில் அது மிக முக்கியம்.

நடக்கப் பழகும் குழந்தைகளுக்கு நடப்பது வேறு. டீப்பாய் விளிம்பில் இடித்துக்கொண்டு, பால்பல் ஈறுக்குள் போய்ப் புதைந்துவிடும். பல்லே காணோம் என்று அம்மா அழுவார். அதைத் தோண்டி இழுக்கக் கூடாது. டாக்டர் பார்த்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னால், அலட்சியமாகச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடும், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். அடிபட்ட பால்பல் சில வாரத்தில் சாம்பல் நிறமாவதும் உண்டு. நிறம் மாறியதற்காக மட்டும் பிடுங்க வேண்டியதில்லை. ஈறில் பரு மாதிரி சீழ்க்கட்டி வந்தாலோ வலித்தாலோதான் சிகிச்சை.

விழுந்து அடிபடுவதைவிட நடுராத்திரிப் பல்வலிக்குத்தான் எனக்கு அதிகம் போன் வரும். சொத்தைப் பல் பகலில் சும்மா இருக்கும், படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும். முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குழிக்குள் சிக்கிய சாப்பாட்டை மென்மையாகப் பிரஷ் செய்து எடுங்கள். பாதி நேரம் ஒரு முறுக்குத் துணுக்கோ கடலையோதான் குத்திக்கொண்டிருக்கும். தலையணையை உயர்த்திப் படுக்க வையுங்கள். கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பதானால் குளிர்ந்த ஒத்தடம்தான். பாட்டி வைத்தியமாகத் தவிட்டு மூட்டையைச் சூடாக்கி வைப்பது இங்கே ஆகாது, வீக்கம் இன்னும் கூடும்.

மருந்து என்றால் பாராசிட்டமால். அளவை வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்வரை ஒரு வேளைக்கு. 20 கிலோ குழந்தைக்கு 300 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. பாட்டிலில் எழுதியிருப்பதை வெளிச்சத்தில் படியுங்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் டிராப்ஸை சிரப் அளவுக்கு ஊற்றிவிட்டால் ஆபத்து. இபுப்ரோஃபென் வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் சாப்பிட்ட பிறகுதான். காய்ச்சல் இருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது. மழைக்காலத்தில் பெங்களூரில் இதை மறக்கக் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டாம். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று 2011இலேயே இந்தியாவில் தடை செய்தாகிவிட்டது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய அட்டை கிடக்கிறதே என்று பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். கிராம்புத் தைலம் சின்னக் குழந்தையின் ஈறைப் புண்ணாக்கும், விழுங்கினால் விஷமாகவும் ஆகலாம். 2 வயதுக்குக் கீழ் ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லும் ஆகாது.

இவ்வளவையும் மறந்தாலும் அடுத்து சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். சொத்தைப் பல்லோடு கன்னம் வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். வீக்கம் கண் வரை ஏறிக் கண் மூடினாலோ, தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கல் மாதிரி இறுகினாலோ, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகினாலோ, மூச்சு திணறினாலோ, அது பல் கிளினிக்குக்குப் போகும் நேரமில்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி, வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சீழ் வடிகிற வழியைத் திறந்துவிடாமல், அல்லது பல்லுக்கு வைத்தியம் பார்க்காமல், மருந்து மட்டும் அதைத் தீர்க்காது. சில வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

பென்சில், டூத்பிரஷ், ஐஸ்கிரீம் குச்சி வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்து அண்ணத்தில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். ஆழத்தில் கழுத்து ரத்தக் குழாய் இருக்கிறது. பல் வைத்தியத்துக்கு ஊசி போட்ட பிறகு மரத்துப்போன உதட்டைக் குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், ஆகவே 2-3 மணி நேரம் கண் வைத்திருங்கள். பால்பல்லுக்குப் பின்னால் புதுப் பல் இரண்டாவது வரிசையாக முளைப்பது அவசரமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பதுதான் உங்களை அலைக்கழித்திருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில், விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வார நாட்களில் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. முகம், தலை எல்லாம் சேர்ந்து அடிபட்டிருந்தால் எந்த நேரமும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுதான். உங்கள் பகுதியில் ஞாயிறன்றும் பார்க்கிற பல் டாக்டர்கள் இருவரின் எண்ணை இன்றைக்கே போனில் சேமித்துவையுங்கள். கூப்பிடும்போது "பல் அடிபட்டது" என்று மட்டும் சொன்னால் நாளைக்கு வரச் சொல்லிவிடுவார்கள். "நிரந்தரப் பல், வேரோடு விழுந்துவிட்டது, பாலில் வைத்திருக்கிறோம், 10 நிமிடம் ஆகிறது" என்று சொல்லுங்கள். கன்னடம் மட்டும் தெரிந்தவர் எடுத்தால் "ஷாஷ்வத ஹல்லு, பேர் சமேத பித்திதே" என்றால் புரிந்துகொள்வார்.

இனி உங்கள் மகன். 2 மணி நேரம் காய்ந்த பல்லில் வேர்ச்சவ்வு பிழைத்திருக்காது. அதனால் அந்தப் பல் மெல்ல மெல்ல எலும்போடு ஒட்டிக்கொள்ளும், எலும்பு அதன் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் டாக்டர் சொன்னது இதைத்தான். அப்படியிருந்தும் அவர் பல்லைத் திரும்ப வைத்தது சரியான முடிவு. அது நிற்கிற காலம் வரை இடமும் எலும்பின் அகலமும் காப்பாற்றப்படும், பிள்ளைக்கும் சிரிக்க ஒரு பல் இருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் தாடையில் இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல், வைக்க முடியாது, வளர்ச்சி முடிகிற வயது வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கம்பி சாதாரணமாக 2 வாரத்தில் எடுக்கப்படும். ரூட் கெனால் வேண்டுமா, எப்போது என்று போன வாரமே பேசியிருக்காவிட்டால் இந்த வாரமே கேளுங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2 வாரத்துக்கு இட்லி, தயிர்சாதம், குழைந்த பொங்கல் மாதிரி மென்மையானவை போதும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்தே துலக்க வேண்டும், பயந்து விட்டுவிடாதீர்கள். பிறகு 4 வாரம், 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம், அதற்கப்புறம் குறைந்தது 5 வருடம் வரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயோடு பார்க்க வேண்டும். வீடு மாறினாலும், சென்னைக்கே திரும்பிப் போனாலும், அந்த எக்ஸ்ரேக்களைக் கையோடு எடுத்துப்போங்கள். பக்கத்துப் பற்கள் இறங்கி வரும்போது இந்தப் பல் மட்டும் மேலேயே நின்று உயரம் குறைந்து தெரிய ஆரம்பித்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நிற்க வைத்து, அவன் பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று எடுத்துவையுங்கள். அந்த மாற்றம் முதலில் அதில்தான் தெரியும்.